நொய்யலும் நம் வாசல் சாக்கடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் குடியிருப்போர் சங்கக் கூட்டம், பள்ளிக்கூடம், தொண்டாமுத்தூர் பக்கத்துத் தோட்டம் என்று எங்கே நொய்யலைப் பற்றிப் பேசப் போனாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆலைக் கழிவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே இருப்பது வீடு, வீதி, பட்டறை, தோட்டம் ஆகியவற்றிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்குப் போய்ச் சேரும் அழுக்கைப் பற்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

ஏனுங்க, எங்க வீடு கணபதில இருக்குது. நொய்யல் எங்கியோ ஓடுது. எங்க வீட்டுத் தண்ணி எப்படிங்க அங்க போகும்?

கணபதிப் பக்கத்துச் சாக்கடைகள் சங்கனூர் பள்ளம் என்ற ஓடையில் விழுகின்றன. பள்ளம் நகரத்துக்குள் வளைந்து வளைந்து சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் போகிறது. குளம் நிறைந்தால் உபரி நீர் நொய்யலுக்கு. அவ்வளவுதான் வழி. உங்கள் வாசலில் நீங்கள் கொட்டும் வாளித் தண்ணீர் அன்றைக்கே ஆற்றுக்குப் போகாது. சாக்கடையிலோ பள்ளத்திலோ தேங்கி, காய்ந்து, அழுக்கு மட்டும் அங்கேயே படிந்திருக்கும். அடுத்த மழை அதை எடுத்துக்கொண்டு போகும்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் பிறக்கிறது. பெரியாறு, சின்னாறு முதலான காட்டோடைகள் கூடுதுறையில் சேர்ந்து ஆறாகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நான்கு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருள்ள ஊருக்குப் பக்கத்திலேயே காவிரியில் கலக்கிறது. இந்த வழியில் மழை விழுந்தால் கடைசியில் நொய்யலுக்கு வந்து சேரும் நிலப்பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். ஆற்றின் அகலமோ சில இடங்களில் ஒரு பெரிய ரோட்டளவுகூட இல்லை. அந்தச் சின்ன ஆற்றுக்கு இத்தனை பெரிய நிலத்தின் கணக்கு வந்து விழுகிறது.

எங்க ஏரியாத் தண்ணி நொய்யலுக்குத்தான் போகுதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு சாக்கடைத் தண்ணீர் ஓடும் பக்கமாக நடந்து பாருங்கள். ஒரு ஓடையோ வாய்க்காலோ குளமோ வரும். கோவை நகரத்தில் பெரும்பாலான இடங்களுக்குப் பதில் நொய்யல்தான். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் போனால் தண்ணீர் பவானிக்குப் போய்விடும். மதுக்கரையைத் தாண்டி வாளையார் பக்கமோ, தெற்கே பொள்ளாச்சிப் பக்கமோ போனால் மேற்கே திரும்பிக் கேரளத்துப் பாரதப்புழைக்குப் போகும். ஒரே மாவட்டத்து மழை இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பழைய கிராம வரைபடம் கிடைத்தால் இன்னும் தெளிவாக இருக்கும். இன்றைக்குக் குப்பைமேடாகவோ சந்தாகவோ தெரியும் இடம் அதில் பள்ளமாகவோ வாய்க்காலாகவோ குறிக்கப்பட்டிருக்கும். வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடப்பதால் அதை யாரும் ஆற்றின் பகுதியாக எண்ணுவதில்லை. கட்டட இடிபாடு, கோழிக்கடைக் கழிவு, பழைய மெத்தை எல்லாம் அங்கே போவதற்கு அதுதான் காரணம்.

நாங்க சிறுவாணித் தண்ணி குடிக்கிறோம். நொய்யல் எப்படிப் போனா எங்களுக்கு என்னங்க?

சிறுவாணி அணை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஆறு பவானிக்குப் போவது. நொய்யலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது சரிதான். கோவைக்கு வரும் இன்னொரு குடிநீரான பில்லூர்த் தண்ணீரும் பவானித் தண்ணீர்தான்.

ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் எதைத் திறக்கிறீர்கள்? போர் மோட்டாரை. அந்த நிலத்தடி நீருக்கு ஊட்டம் தருபவை நொய்யலும் அதன் குளங்களும். சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் பிரிந்து கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் போகும் ஏற்பாடு மழைக்காலத் தண்ணீரை ஊருக்குள் நிறுத்தி வைப்பதற்காகத்தான். குளத்தில் எது நிற்கிறதோ அதுதான் சுற்றுவட்டாரத்துப் போர்களில் ஊறும். கீரையும் தட்டைப்பயறும் அதே தண்ணீரில் விளைந்துதான் உங்கள் சந்தைக்கு வருகின்றன.

நொய்யலைக் கெடுத்தது திருப்பூர்ச் சாயப்பட்டறைங்க. அவங்களை விட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்து நிக்கிறீங்களே?

சாயக் கழிவு செய்த சேதத்தை யாரும் மறுக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரைத் தேக்கும் தொட்டியாக மாறியது. அதன் கீழே இருந்த விவசாயிகள் அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சும் நிலை வந்தது. அந்த ஆயக்கட்டு (பாசனப் பகுதி) விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்போதும் இரவோடு இரவாகத் திறந்துவிடுகிறவர்கள் மேல் புகார் வருகிறது. அது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், ஆறு திருப்பூருக்குப் போய்ச் சேரும் முன்னாடியே கோவையைக் கடந்து இருகூர், சூலூர் வரும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஓடுவதில் பெரும்பங்கு நம் குளியலறை, சமையலறை, கழிப்பறைத் தண்ணீர். ஆலை என்றால் ஒரு குழாய் இருக்கும், அந்தக் குழாய்க்கு ஒரு முதலாளி இருப்பார், வழக்குப் போடலாம். வீட்டழுக்குக்கு லட்சக்கணக்கான வாசல்கள். எந்த நீதிமன்றமும் அத்தனை வாசலுக்கும் பூட்டுப் போட முடியாது. அதனால்தான் உங்கள் வீட்டுக்கு வந்து நிற்கிறேன்.

மழை பேஞ்சா அழுக்கெல்லாம் அடிச்சுட்டுப் போயி ஆறு சுத்தமாயிருமில்லீங்களா?

பெரிய வெள்ளம் வந்தால் பார்வைக்கு அப்படித் தெரியும். முதல் மழை நேர்மாறானது. கோடை முழுக்க ரோட்டில் படிந்த டயர்த் தூள், பிரேக் தூள், என்ஜின் ஆயில், நாய் மலம், எச்சில், சாக்கடைச் சேறு எல்லாவற்றையும் அந்த ஒரு மழை ஒரே மூச்சில் வழித்துக்கொண்டு போகிறது. டயர்த் தூளில் துத்தநாகமும் பிரேக் தூளில் செம்பும் இருக்கும். இவை மக்கிப் போகாது, குளத்துச் சேற்றில் தங்கிவிடும்.

முதல் மழையன்று ஒரு ஓடைப் பாலத்தில் நின்று பார்த்தால் வரிசை புரியும். முதலில் குப்பை வரும்: தெர்மாகோல், பாக்கு உறை, தேங்காய் மட்டை, செருப்பு. அதன் பின்னாலேயே கறுப்புத் தண்ணீர், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு. அரை மணி நேரம் விடாமல் பெய்தால்தான் நிறம் மாறிச் செம்மண் தண்ணீர் வரும். அந்தக் கறுப்புத் தண்ணீர் குளத்தில் கலந்ததும் அதிலுள்ள கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. மறுநாள் காலையில் மீன்கள் செத்து மிதந்தால் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். பல நேரங்களில் நடந்தது மூச்சுத் திணறல்தான்.

கோவையில் ஓராண்டு மழையே 650 மில்லிமீட்டரை ஒட்டித்தான். மழை கொட்டும் ஊர்களில் அழுக்கு அடிக்கடி கழுவப்பட்டு நீர்த்துப் போகும். நமக்கு மாதக்கணக்கில் சேர்ந்து மொத்தமாகப் போகிறது. ஆகவே முதல் மழைக்கு முந்தின வாரம் வாசலையும் வடிகாலையும் கூட்டி அள்ளுவது வருஷம் முழுக்கச் செய்வதைவிடப் பலன் தரும். கூட்டி சாக்கடைக்குள் தள்ளுவதைச் சொல்லவில்லை, அள்ளுவதைச் சொல்கிறேன்.

எங்க வீதில பாதாளச் சாக்கடை வந்துருச்சு. இனி கவலை இல்லைதானுங்களே?

பாதி கவலை இல்லை. பாதாளச் சாக்கடையில் போவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வீதியோரம் திறந்து கிடக்கும் மழைநீர் வடிகாலில் போவது எந்த நிலையத்துக்கும் போகாமல் நேரே ஓடைக்குப் போகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் வாஷிங் மெஷின் குழாயை வடிகாலுக்குள் விடுகிறார்கள். உங்கள் வீட்டில் சமையலறைத் தண்ணீர், துணி துவைக்கும் தண்ணீர், மாடியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் மூன்றும் எந்தக் குழாயில் போகின்றன என்று ஒருமுறை பிளம்பரை வைத்துப் பாருங்கள். கழிப்பறைக்கு மட்டும் இணைப்புக் கொடுத்துவிட்டு மற்றதைப் பழைய வடிகாலிலேயே விட்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

இதற்கு எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. மொட்டைமாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடுவார்கள். மழை வலுத்தால் குழாய் தாங்காது, ஆள்நுழைவுக் குழி மூடி பொங்கி வீதியெல்லாம் மலத்தண்ணீர் ஓடும். அதுவும் கடைசியில் ஓடைக்கே.

எங்க பக்கம் பாதாளச் சாக்கடையே வரலீங்க. பஞ்சாயத்து ஏரியா. என்ன பண்றது?

கழிப்பறைத் தண்ணீருக்கு ஒழுங்கான செப்டிக் டேங்க். ஒழுங்கானது என்றால் அடியில் கான்கிரீட் போட்டு, உள்ளே தடுப்பு வைத்து, வெளியேறும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஒரு குழியும் இருப்பது. நம் ஊர்களில் பாதி இடங்களில் அடித்தளமே இல்லாத குழியைச் செப்டிக் டேங்க் என்கிறோம். 'பத்து வருஷமா நிறையவே இல்லீங்க' என்று பெருமையாகச் சொல்வார்கள். நிறையவில்லை என்றால் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குடிதண்ணீர்ப் போருக்கும் அந்தக் குழிக்கும் இடையே அறுபது அடியாவது இருக்கட்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை காலி செய்யுங்கள்.

குளியல், துணி, பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு உறிஞ்சு குழி போதும். ஜல்லியும் மணலும் போட்ட குழி, மேலே ஒரு மூடி. கொழுப்பும் சோற்றுப் பருக்கையும் போய் அடைக்காமல் இருக்க, குழிக்கு முன்னால் சின்னத் தொட்டி ஒன்று கட்டி, அதை மாதம் ஒருமுறை வழித்துவிட வேண்டும். இடம் இருந்தால் வாழையும் கல்வாழையும் வைத்து அந்தப் பாத்தியில் விடலாம். களிமண் பூமியில் குழி சீக்கிரம் இறங்காது, அங்கே செடிப்பாத்திதான் நல்லது.

வாரம் ஒருக்கா வாசல்லயே கார் கழுவறேன். ஒரு பக்கெட் தண்ணிதான். அதுகூடத் தப்பா?

தண்ணீரின் அளவு பிரச்சினையில்லை. கார் ஷாம்பூவும், சக்கரத்திலிருந்து வரும் கறுப்பும், அடியில் ஒட்டியிருக்கும் ஆயிலும் வடிகாலில் இறங்குவதுதான் பிரச்சினை. மண் தரையிலோ புல்லிலோ நிறுத்திக் கழுவுங்கள், பெரும்பகுதியை மண் பிடித்துக்கொள்ளும். மண்தரை இல்லாவிட்டால் ஈரத்துணியால் துடைத்தாலே வண்டி பளிச்சென்று இருக்கும். வாட்டர் வாஷ் கடைக்குப் போகிறீர்களா, அவர்களிடம் ஆயிலைப் பிரிக்கும் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கட்டி வைத்திருப்பார்.

அப்ப வாசல்ல சாணி தெளிக்கிறதும் தப்புன்னு சொல்லுவீங்களாட்ட இருக்குதே?

இல்லை. ஒரு கைப்பிடி மாட்டுச் சாணத்தைக் கரைத்து மண் வாசலில் தெளித்தால் அது அங்கேயே காய்ந்து மண்ணாகிவிடும். மாட்டுத் தொழுவத்தைக் கழுவி மொத்தத்தையும் பள்ளத்தில் விடுவது வேறு கதை. அதற்கு எருக்குழி வேண்டும்.

நான் சண்டை போடுவது சாணிப் பவுடரோடு. சிமெண்ட் வாசலில் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெளிக்க பாக்கெட்டில் விற்கிறார்களே, அதில் சாணியே கிடையாது. மஞ்சளில் இருப்பது ஆரமின், பச்சையில் இருப்பது மாலகைட் கிரீன். இரண்டும் செயற்கைச் சாயம், இரண்டும் நச்சு. திருப்பூர்க்காரர்களைச் சாயத் தண்ணீருக்குத் திட்டிவிட்டு மார்கழி காலையில் நாமே ஒரு சிட்டிகைச் சாயத்தைச் சாக்கடையில் விடுகிறோம்.

ஆத்துல மலை மாதிரி நுரை வருதே, அது சோப்புப் பவுடராலதானா?

பெரும்பாலும் அதனால்தான். துணிச் சோப்பு, பாத்திரச் சோப்பு, ஷாம்பூ எல்லாவற்றிலும் நுரைக்க வைக்கும் வேதிப்பொருள் உண்டு. சுத்திகரிக்காத தண்ணீரில் அது அப்படியே வருகிறது. தேங்கி நிற்கும்போது தெரியாது. மழையில் தண்ணீர் கூடி அணைக்கட்டில் விழுந்து குதிக்கும்போது நுரை கிளம்பி ரோட்டுக்கே வந்துவிடும். ஆலைகள் அந்தச் சமயம் பார்த்துத் திறந்துவிட்டால் அதுவும் சேரும். நுரையைப் பார்த்த மாத்திரத்தில் யார் மேல் தப்பு என்று சொல்ல முடியாது, தண்ணீரை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் பவுடர் போடாதீர்கள். நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பது விளம்பரக்காரர்கள் சொல்லிக் கொடுத்த பாடம்.

லேத் பட்டறை வெச்சிருக்கேன். கட்டிங் ஆயில், கூலன்ட் தண்ணி கொஞ்சமா வருது. அதை எங்க கொட்டறது?

கொட்டவே கூடாது. கழிவு ஆயில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் வருகிறது. வடிகாலில் விட்டால் அது பட்டறைக்குச் சட்டச் சிக்கல். பழைய என்ஜின் ஆயிலைக் கேனில் சேர்த்து அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கலாம், காசும் வரும். கூலன்ட் தொல்லை பிடித்தது, தண்ணீரும் ஆயிலும் பால்போல் கலந்திருக்கும், யாரும் சும்மா வாங்கமாட்டார்கள். பக்கத்துப் பட்டறைகள் நாலைந்து சேர்ந்து ஒரே பேரலில் சேர்த்து அனுப்பினால் செலவு தாங்கும். தொழில்முனைவோர் சங்கத்தில் இதைப் பேசுங்கள்.

இரும்புத் துருவலை மழையில் நனைய விடாதீர்கள். மேலே ஒரு தகரம் போதும். துருவலில் ஒட்டிய ஆயில்தான் மழையில் வானவில் நிறத்தில் படலமாக ஓடுவது.

உரம் போட்டா மழை வரோணும்னுதானே போடறோம்? நீங்க மழைக்கு முன்ன போடாதீங்கன்னா எப்படிங்க?

ஆலாந்துறைப் பக்கத்தில் ஒரு பாக்குத் தோட்டக்காரர் இதைக் கேட்டார், கேள்வி நியாயமானது. யூரியாவுக்கு ஈரம் வேண்டும், வெள்ளம் வேண்டாம். சாரல் பெய்தால் வேருக்கு இறங்கும். ஒரே இரவில் எட்டு சென்டிமீட்டர் கொட்டினால் கரைந்து வாய்க்காலுக்கோ நிலத்தடிக்கோ போய்விடும், காசும் அதோடு. அதனால் கனமழை எச்சரிக்கை இருக்கும் இரண்டு நாளுக்கு மட்டும் மூட்டையைப் பிரிக்காதீர்கள். மொத்தமாகப் போடுவதை மூன்று தவணையாகப் பிரியுங்கள். சொட்டுநீர் இருந்தால் அதிலேயே கரைத்து விடுங்கள்.

டிஏபி உரத்தின் கதை வேறு. அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மண் அரித்துப் போனால்தான் அதுவும் போகும். ஆகவே அங்கே வேலை வரப்பில் இருக்கிறது. சரிவுக்குக் குறுக்காக உழுவது, வாய்க்கால் ஓரம் பத்தடிக்குப் புல்லோ வெட்டிவேரோ நொச்சியோ விட்டு வைப்பது, இரண்டும் மண்ணைப் பிடித்து நிறுத்தும். வரப்பை ஒட்டக் கடைசி அடி வரைக்கும் களைக்கொல்லி அடித்து மொட்டையாக்குவது இப்போது பழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டையான புல்தான் ஆற்றுக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே வடிகட்டி.

மருந்தடித்த டேங்கை வாய்க்காலில் முக்கிக் கழுவுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி அலசி, அந்த அலசலையும் அதே பயிர் மேலேயே அடித்துவிடலாம்.

குளத்துல ஆகாயத்தாமரையை எடுத்துட்டாச் சரியாயிருமுங்களா?

மூன்று மாதத்துக்கு. ஆகாயத்தாமரை வளர்வது சத்து மிகுந்த தண்ணீரில். சாக்கடையும் சோப்பும் முந்தின பதிலில் சொன்ன உரமும் வந்துகொண்டே இருந்தால் அதுவும் வந்துகொண்டே இருக்கும். எடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அது வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துவிடுகிறது. அழுகி அடியில் தங்கினால் இன்னும் மோசம். எடுத்ததைக் கரையிலேயே குவித்து வைத்தால் மழையில் சாறு திரும்பக் குளத்துக்கே போகும், தூரமாகக் கொண்டுபோய் மக்க வைக்க வேண்டும். கூட்டமாகச் சேர்ந்து செடியை இழுத்துப் படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. குளத்துக்குள் விழும் சாக்கடை வாய் எங்கே என்று அன்றைக்கே பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

பேரூர்ப் படித்துறைல திதி கொடுக்கறது, விநாயகரைக் கரைக்கிறது, இதையெல்லாம் வேண்டாம்பீங்களா?

பேரூரில் பிதுர்க்கடன் செய்வது தலைமுறை தலைமுறையாக நடப்பது. எள்ளும் அரிசியும் பிண்டமும் ஆற்றைக் கெடுத்துவிடாது, மீனும் காக்கையும் தின்றுவிடும். கெடுப்பது கூடவே விடும் துணியும் பாலித்தீன் பையும். ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள் படித்துறையில் கிடக்கும் வேட்டி சேலையைப் பாருங்கள். துணியைக் கரையில் ஒரு தொட்டியில் போடச் சொல்லும் புரோகிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள், நான் சொன்னால் கேட்பதில்லை.

விநாயகருக்குக் களிமண்ணே போதும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ரசாயன வண்ணமும் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதல்களே சொல்கின்றன. வீட்டுப் பிள்ளையாரை வாளியில் கரைத்து அந்த மண்ணைத் தொட்டிச் செடிக்குப் போடும் வீடுகள் கூடிக்கொண்டு வருகின்றன.

மழைநீர் சேகரிப்புக்கும் ஆத்து அழுக்குக்கும் என்னங்க சம்பந்தம்? அது போர்ல தண்ணி ஊறத்தானே?

நேரடிச் சம்பந்தம் உண்டு. அழுக்கு ஆற்றுக்குப் போக ஒரு வண்டி வேண்டும், அந்த வண்டி ரோட்டில் ஓடும் மழைநீர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். அது வீட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டால் ரோட்டுக் குப்பையைத் தள்ளிக்கொண்டு போகும் விசை அந்த அளவுக்குக் குறைகிறது. ஒரு வீதியில் நாற்பது வீடு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2003-லேயே இது கட்டாயமாக்கப்பட்டது. அன்று போட்ட குழிகளில் பல இன்று மண்மூடிக் கிடக்கின்றன. குழாய் இருக்கிறது, அது போய்ச் சேரும் குழி இல்லை. மூடியைத் திறந்து பார்த்து வருஷம் ஒருமுறை ஜல்லியைக் கழுவிப் போட வேண்டும்.

அப்ப ரோட்டுல ஓடற மழைத்தண்ணியையே காஞ்சுபோன போருக்குள்ள திருப்பி விட்டுறலாமே?

வேண்டாம். அந்தக் கறுப்புத் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று மேலே முதல் மழையைப் பற்றிய பதிலில் சொன்னேன். மொட்டைமாடித் தண்ணீர் வேறு, ரோட்டுத் தண்ணீர் வேறு. போர்க்குழாய் வழியாக விட்டால் மண் வடிகட்டுவதற்கு வாய்ப்பே இல்லாமல் பல நூறு அடி ஆழத்து நீரில் நேராகக் கலந்துவிடும். ஆற்றையாவது பத்து வருஷத்தில் தேற்றலாம், ஆழத்து நீரைத் தேற்றுவது மிகமிகக் கடினம். ரோட்டுத் தண்ணீரைத் திறந்தவெளிப் பள்ளத்திலோ பூங்காவிலோ விட்டு மேல்மண் வழியாக மெதுவாக இறங்க விடலாம்.

ஓடைக்கு ரெண்டு பக்கமும் கீழயும் கான்கிரீட் போட்டுட்டா நாத்தம் போயிருமில்லீங்க?

கேட்பவர்கள் பெரும்பாலும் ஓடையை ஒட்டிக் குடியிருப்பவர்கள், அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். வெள்ளம் வீட்டுக்குள் வராமல் இருக்கச் சுவர் தேவைப்படும் இடங்கள் உண்டு. அடியிலும் கான்கிரீட் போடுவதைத்தான் எதிர்க்கிறேன். மண்ணும் கோரையும் இருந்தால் தண்ணீர் நின்று நிதானித்து, அழுக்கில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். கான்கிரீட்டில் அத்தனையும் வழுக்கிக்கொண்டு சிங்காநல்லூர் குளத்தில் போய் விழும். உங்கள் நாற்றம் அடுத்த ஊருக்குப் போகும், அவ்வளவுதான்.

ராத்திரில செப்டிக் டேங்க் லாரி வந்து பள்ளத்துல கொட்டறான். போய்க் கேட்டாச் சண்டைக்கு வர்றான். யாருகிட்ட சொல்றது?

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். லாரி எண், இடம், நேரம் தெரியும்படி தூரத்திலிருந்து படம் எடுங்கள். மாநகராட்சி எல்லை என்றால் மண்டல அலுவலகத்துக்கும், ஊராட்சி என்றால் ஒன்றிய அலுவலகத்துக்கும், இரண்டிலும் நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஓடையில் கழிவைக் கொட்டுவது 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டது. பிரிவு எண்ணை மனுவில் எழுதினால் மனு கொஞ்சம் வேகமாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன். நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம்.

லாரிக்காரரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் போய் வர டீசல் ஆகும், அங்கே கட்டணமும் உண்டு. குறைந்த வாடகைக்கு ஆள் பிடிக்கும் வீட்டுக்காரர்தான் அவரைப் பள்ளத்துக்கு அனுப்புகிறார். எங்கே கொட்டினாய், ரசீது கொடு என்று கேட்டு வாங்குங்கள். குழிக்குள் மனிதரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆறே வருஷத்துல பாதி நாள் காஞ்சுதான் கெடக்குது. சாக்கடையையும் நிறுத்திட்டா குளத்துல தண்ணியே இருக்காதே, பறவைக எங்க போகும்?

இருக்கிறதிலேயே கஷ்டமான கேள்வி இதுதான், இதைக் கேட்டவர் சிங்காநல்லூர் குளத்தில் பறவை பார்க்கும் ஒரு மாணவி. உண்மை அவர் சொன்னதுதான். கோடையில் நகரக் குளங்களில் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் சாக்கடை. அதை ஒரே நாளில் திருப்பிவிட்டால் கூழைக்கடாவும் நாமக்கோழியும் வேறு இடம் தேட வேண்டியதுதான்.

வேண்டியது சாக்கடையை நிறுத்துவது இல்லை, சுத்தம் செய்து அதே குளத்துக்குக் கொண்டுவருவது. உக்கடத்தில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர். அந்த அளவு தண்ணீர் தினமும் குளங்களுக்கு வந்தால் கோடையிலும் வாய்க்கால் ஓடும். ஆனால் சுத்திகரித்த பிறகும் அதில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் மிச்சம் இருக்கும், நேரே விட்டால் ஆகாயத்தாமரைக் கேள்விக்கே திரும்பிவிடுவோம். குளத்துக்கு முன்னால் கோரையும் நாணலும் வளர்ந்த ஆழமில்லாத பகுதி ஒன்றின் வழியாக விட்டால் அந்தச் சத்தில் ஒரு பங்கைச் செடிகள் எடுத்துக்கொள்ளும். அதற்கு நிலம் வேண்டும். குளக்கரையில் நடைபாதையும் செல்ஃபி மேடையும் போட நிலம் கிடைக்கிறபோது இதற்கும் கிடைக்கும் என்று நம்புகிறேன். ஆலைகளும் இதே தண்ணீரைக் கேட்கின்றன, தோட்டக்காரர்களும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் பங்கு குளத்துக்கு. அடுத்த வார்டு கூட்டத்தில் உங்கள் கவுன்சிலரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருகிறதோ அதை எனக்கும் சொல்லுங்கள்.